18 அங்குல ஊஞ்சல் பலகைக்கு டிரம் சாண்டர்: நாமே செய்தால் சரிவருமா?

ஒத்தக்கடை ஊஞ்சல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை யானைமலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் கூட ஒரு பையனும்தான். ஊஞ்சல் பலகையும் சாப்பாட்டு மேசையும்தான் முக்கால்வாசி வேலை. மரம் எல்லாம் காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் வாங்குகிற பர்மா தேக்கு. உத்திரம், நிலை, மாடிப் பலகை என்று எது கிடைக்கிறதோ அது.

என் சிக்கல் இதுதான். ஊஞ்சலுக்கு 18 அங்குல அகலம் வேண்டும். அந்த அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது அபூர்வம் என்பதால் மூன்று துண்டு ஒட்டித்தான் செய்கிறேன். என் இழைக்கிற மெஷின் 12 அங்குலம் வரைதான் எடுக்கும். ஒட்டின பிறகு இணைப்பில் கால் நூல், அரை நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. இழைப்புளி போட்டால் ஒரு துண்டுக்கு ஒத்துப்போகிற நார் பக்கத்துத் துண்டுக்கு எதிர் நாராகி, கணுவைச் சுற்றிப் பிய்த்துக்கொண்டு வருகிறது. கையில் பிடிக்கிற பெல்ட் சாண்டர் போட்டால் குழி விழுகிறது. வார்னிஷ் அடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். வாங்குகிறவர்கள் கண்ணில் படாமல் போகலாம், என் கண்ணில் படுகிறது. ஒரு பலகைக்கு உப்புத்தாளோடு இரண்டு நாள் போகிறது.

புது மெஷின் வாங்கக் கையில் காசு இல்லை. அதனால் சுற்றுகிற உருளைமேல் உப்புத்தாள் சுற்றிப் பலகையைத் தேய்க்கிற டிரம் சாண்டரை நாமே செய்துவிடலாம் என்று போன மாதம் ஒரு லேத் பட்டறையில் 4 அங்குல இரும்புக் குழாயில் டிரம் செய்து வாங்கினேன். இரண்டு முனையிலும் மூடி வெல்டு அடித்து ஷாஃப்ட் வைத்துக் கொடுத்தார்கள். பழைய கம்ப்ரஸர் மோட்டார் 1.5 எச்.பி, 1440 ஆர்.பி.எம் என்னிடம் இருந்தது, அதைப் பெல்ட்டில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவு புல்லி போட்டு ஓட்டினேன். சட்டமே நடுங்குகிறது. பலகையை மேசைமேல் வைத்துக் கையால் தள்ளினால் குறுக்கே வரி வரியாகத் தடம். நகத்தால் தடவினால் சீப்புப் பல்லில் தடவுகிற மாதிரி தட்டுகிறது. ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்தேன், அங்குலத்துக்கு 12 வரி.

டிரம்மை எதில் செய்வது, தாளை எப்படிச் சுற்றுவது, கையால் தள்ளலாமா, தூளுக்கு என்ன வழி, இதெல்லாம் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. இதுவரை போட்ட காசு போகட்டும், இனிமேல் போடுவது வீணாகக் கூடாது.


திருமங்கலத்தான் எழுதியது:

தம்பி, நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் செய்தது இன்றைக்கும் ஓடுகிறது. 20 அங்குல டிரம், 5 அங்குல விட்டம். மரவேலைக்காரன் செய்யக்கூடிய மெஷின்தான் இது, பயப்படாதீர்கள். ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். டிரம்மை வெளியே செய்து கொண்டுவந்து மாட்டினால் எவ்வளவு நல்ல கை செய்தாலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது ஓடப்போகிற பேரிங்கிலேயே, அந்தச் சட்டத்திலேயே, அந்த மேசையை வைத்தே உருண்டையாக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டேன். 18 மி.மீ தடிமன் பலகையில் 130 மி.மீ வட்டமாக 28 வில்லை வெட்டிக்கொண்டேன். 28 வில்லையை அடுக்கினால் 504 மி.மீ, கிட்டத்தட்ட 20 அங்குலம். சிலர் நல்ல மரத்தில் ஒரே உருளையாகக் கடைந்து போடுகிறார்கள், அது வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் மரம் வளையத்தின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் குறைவாகவும் ஊதும், அதனால் வட்டமாக இருந்தது முட்டை வடிவம் ஆகிவிடும். எம்.டி.எஃப் வில்லை தட்டையாக அடுக்கியிருந்தால் விட்டத்தில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஷாஃப்ட் 25 மி.மீ பிரைட் பார் (மேல்பக்கம் வழவழப்பான இரும்புத் தண்டு). வாங்கும்போதே கடையில் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து வாங்குங்கள், வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். பேரிங் யு.சி.பி 205, காலோடு வருவது, இரண்டு. இதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. வில்லைகளை ஷாஃப்டில் கோத்தபடியே ஒவ்வொன்றுக்கும் ஃபெவிகால் தடவி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அப்புறம் முதல் வில்லையிலும் கடைசி வில்லையிலும் குறுக்கே 6 மி.மீ ஓட்டை போட்டு, ஷாஃப்டையும் துளைத்து ஒரு கம்பி அடித்து அரால்டைட் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பலகை இறுகும்போது ஷாஃப்ட் மட்டும் சுற்றும், டிரம் நிற்கும்.

மேசை. ஒரு பக்கம் கீல், மறு பக்கம் நடுவில் ஒரு எம் 12 போல்ட். பலகை நுழைகிற பக்கம் கீல் இருக்கட்டும். மேசை சாய்வாக ஏறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், டிரம் பலகையைத் தொடுவது ஒரே ஒரு கோட்டில்தான், அந்தக் கோட்டுக்கு மேசை இணையாக இருந்தால் போதும். எம் 12 போல்ட்டின் புரிக்குப் புரி இடைவெளி 1.75 மி.மீ. டிரம் கீலுக்கும் போல்ட்டுக்கும் சரி நடுவில் இருந்தால் ஒரு சுற்றுக்கு டிரம்மின் கீழே மேசை 0.87 மி.மீ ஏறும். எட்டில் ஒரு சுற்று என்றால் 0.1 மி.மீ சொச்சம். கைப்பிடிச் சக்கரத்தில் எட்டுக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம்.

மேசைமேல் போட நான் சமையலறைக்கு வெட்டி மிச்சமான கிரானைட் கல்தான் வாங்கினேன். மேலூர்க் கல். இரண்டடிக்கு இரண்டடி, 20 மி.மீ தடிமன், இருபது கிலோ இருக்கும். பாலிஷ் போட்ட கல் மேல் இரும்புப் பட்டியை நிறுத்தி அடியில் தாள் நுழைகிறதா என்று பார்த்து எடுத்தேன். ஊதாது, வளையாது, பலகை வழுக்கிக்கொண்டு போகும், எடை இருப்பதால் அதிர்வும் அடங்கும்.

இனி டிரம்மை உருட்டுவது, அதாவது உருண்டையாக்குவது. 18 மி.மீ எம்.டி.எஃப் துண்டில், டிரம் நீளத்துக்கு, 60 நம்பர் எமரித் துணியை (காகிதத்துக்குப் பதில் துணியில் செய்த உப்புத்தாள்) சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். டிரம் மேல் பென்சிலால் முனைக்கு முனை கோடு கோடாகப் போடுங்கள். மோட்டாரை ஓட்டி, அந்தத் துண்டை மேசைமேல் வைத்து டிரம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வரை மேசையை ஏற்றி, இடமும் வலமுமாக நகர்த்துங்கள். நிறுத்திப் பார்த்தால் சில இடத்தில் பென்சில் போயிருக்கும், சில இடத்தில் இருக்கும். அரைக்கால் சுற்று ஏற்றி மறுபடி. பென்சில் கோடு முழுசும் எந்தச் சுற்றில் மறைகிறதோ அந்தச் சுற்றோடு டிரம் உருண்டையாகிவிட்டது, மேசைக்கு இணையாகவும் ஆகிவிட்டது. 130 என்று வெட்டினது 125 அளவில் வந்து நிற்கும். கல்லை முதலில் போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள், பின்னால் மேசையில் எதை மாற்றினாலும் மறுபடி உருட்ட வேண்டும். கடைசியாக சீலர் இரண்டு கை அடித்து விடுங்கள், ஈரம் ஏறாமல் இருக்க.

தூள் பறக்கும், சொல்லிவிட்டேன். முகத்தை மூடாமல் செய்யாதீர்கள்.


புதூர் டர்னர் எழுதியது:

திருமங்கலம் அண்ணன் சொன்னது சரி, எம்.டி.எஃப் டிரம் மரவேலை செய்கிறவர் கையிலேயே முடிகிற வேலை. ஆனால் இரும்புக் குழாய் டிரம் கூடாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் லேத்தில்தான் இருபது வருஷமாக நிற்கிறேன்.

முதலில் அந்த 12 வரி. மோட்டார் 1440 சுற்று, அதை 12 ஆல் வகுத்தால் 120 அங்குலம். அதாவது நிமிடத்துக்குப் பத்து அடி வேகத்தில் பலகையைத் தள்ளியிருக்கிறீர்கள். கையால் தள்ளுகிற வேகம் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வரி விழுகிறது. டிரம்மில் ஒரே ஒரு மேடுதான் இருக்கிறது, மற்ற இடம் பலகையைத் தொடவே இல்லை. தாளைக் கழற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்றால், குழாயை முதலில் கடைந்துவிட்டு அப்புறம் மூடியையும் ஷாஃப்டையும் வெல்டு அடித்திருப்பார்கள். வெல்டு ஆறும்போது இழுக்கும். அரை மி.மீ இழுத்தாலே இந்தக் கதிதான். எல்லாவற்றையும் வெல்டு அடித்து, ஆறவிட்டு, ஷாஃப்டின் இரண்டு முனையிலும் சென்டர் (லேத்தில் பிடிக்க நடுக்குழி) போட்டு, பேரிங் உட்காரும் இடத்தையும் குழாயின் மேல்பக்கத்தையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும். நடுவில் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மறுபடி ஆட்டம் வரும்.

இன்னொன்று எடை. வட்டமாக இருப்பதும் சம எடையாக இருப்பதும் வேறு வேறு. குழாயின் உள்ளே தையல் வெல்டு இருக்கும் பக்கம் கொஞ்சம் கனம், சுவர் எல்லா இடமும் ஒரே தடிப்பாகவும் இருக்காது. உங்கள் டிரம்மில் ஒரு பக்கம் 100 கிராம் கூடுதல் என்று வையுங்கள். 1440 சுற்றில் அது 13 கிலோ இழுப்பு, நொடிக்கு 24 தடவை எல்லாத் திசையிலும் சட்டத்தை இழுக்கும். அதே டிரம்மை யாராவது பேச்சைக் கேட்டு 2880 மோட்டாரில் மாட்டினால் சுற்று இரட்டிப்பு, இழுப்பு நாலு மடங்கு, 50 கிலோவுக்கு மேல். அதனால் வேகம் கூட்டுகிற யோசனையே வேண்டாம். 5 அங்குல டிரம் 1440 சுற்றில் ஓடினால் தாளின் வேகம் நிமிடத்துக்கு 565 மீட்டர் வருகிறது. வேகம் கூடக் கூட தேக்கு கருகுகிற வாய்ப்பும் கூடும்.

கனம் எந்தப் பக்கம் என்று பார்க்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி விடுங்கள். நிற்கும்போது கீழே இருக்கிற இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். மூன்று நான்கு தடவை செய்து அதே கோடு அடிக்கு வந்தால் அந்தப் பக்கம்தான் கனம். மூடித் தகட்டில் அந்தப் பக்கம் துளைத்து எடை குறைக்கலாம். புது பேரிங்கில் கிரீஸ் இறுக்கமாக இருந்தால் சின்ன வித்தியாசம் காட்டாது, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

குழாய்ச் சுவர் நாலு மி.மீக்கு மேல் இருந்தால் இதையே மீட்கலாம். தூக்கிப் போடாதீர்கள்.


ஒத்தக்கடை ஊஞ்சல் எழுதியது:

டர்னர் அண்ணே, தாளைக் கழற்றிப் பார்த்தேன். சொன்ன மாதிரியே ஒரு கைப்பிடி அகலத்துக்கு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது, மற்ற இடம் புதுத் தாள் மாதிரி. கூலி கொடுத்து வாங்கினதில் இப்படி என்று மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. குழாய்ச் சுவர் வெர்னியரில் 3.2 தான் காட்டுகிறது, மறுபடி கடைந்தால் மெலிந்துவிடும் என்று தோன்றுகிறது. அதனால் திருமங்கலம் அண்ணன் வழியில் எம்.டி.எஃப் போடப் போகிறேன். பேரிங்கும் ஷாஃப்டும் புதிதாக வாங்கிக்கொள்கிறேன். தாள் சுற்றுவதும் தள்ளுவதும் யாராவது சொல்லுங்கள்.


வாடிப்பட்டி பல்லாங்குழி எழுதியது:

தம்பி, நான் பல்லாங்குழிப் பலகையும் மரச் சொப்பும் செய்கிறேன். என்னுடையது 16 அங்குல டிரம், நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்தது. தாள் சுற்றுகிற விஷயத்தில் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வெல்குரோ ஒட்டி அதன்மேல் தாள் சுற்றுகிறவர்கள் உண்டு. மாற்றுவது சுலபம். ஆனால் அது மெத்தை மாதிரி அமுங்கும். தேக்கில் வெளிர் வரியும் கரு வரியும் ஒரே கடினம் இல்லை, அமுங்குகிற தாள் மெது வரியை அதிகம் தின்றுவிடும், பலகை ஓரமும் உருண்டுவிடும். உங்களுக்கு இணைப்பில் ஏற்ற இறக்கம் போக வேண்டும், அதற்கு கெட்டியான டிரம் மேல் நேராகத் துணி எமரிதான் வேண்டும். காகிதம் வேண்டாம், கிழியும்.

3 அங்குல அகல எமரி ரோல் வாங்குங்கள். டிரம் சுற்றளவு 393 மி.மீ. ரோலின் ஆரம்பத்தில் ஒரு ஓரத்தில் 385 மி.மீ அளந்து புள்ளி வைத்து, எதிர் ஓரத்து மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்குச் சாய்வாக வெட்டுங்கள், சாய்வின் நீளம் 393 வரும். வெட்டின சாய்வு டிரம்மின் விளிம்போடு சரியாகச் சுற்றி வந்து சேரும். அப்புறம் தானாகவே சுருள் போகும். கடைசி முனையிலும் அதே சாய்வு. உங்கள் டிரம்முக்கு மொத்தம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் துணி பிடிக்கும், ஒரு சாண் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறவே கூடாது. ஏறினால் அந்த இடத்தில் தேக்கில் பழுப்பாக ஒரு கோடு எரிந்துவிடும், அதை எடுக்க நாள் போகும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் தப்பில்லை.

இரண்டு முனையிலும் நார் போட்ட பேக்கிங் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். டேப் சுற்றுகிற அந்த இரண்டு அங்குலம் பலகை போகிற அகலத்துக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்தது தள்ளுவது. பலகை போகிற திசைக்கு எதிராகத்தான் டிரம்மின் அடிப்பக்கம் சுற்ற வேண்டும், உங்கள் பக்கம் தள்ளுகிற மாதிரி. மறந்து மோட்டாரை மாற்றிச் சுற்றவிட்டால் பலகையை இழுத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் வீசிவிடும். சரியாகச் சுற்றினாலும் ஒரேயடியாக ஏற்றினால் பலகை உங்கள் வயிற்றுக்குத் திரும்பி வரும், அதனால் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒன்றரை அடிக்குக் குறைவான துண்டைக் கையால் விடவே கூடாது. சின்னத் துண்டு என்றால் நான் ஒரு பிளைவுட் பலகைமேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, முன்னும் பின்னும் அதே தடிமனில் ரீப்பர் வைத்துத்தான் அனுப்புகிறேன்.

கையால் தள்ளினால் நடுவில் ஒரு நொடி நிறுத்தினாலும் அங்கே பள்ளம் விழும். ஆறடிப் பலகையில் எங்கேயாவது கை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக நாங்கள் பழைய கார் வைப்பர் மோட்டார் வைத்து கீழே பெல்ட் ஓடவிட்டோம். வைப்பர் மோட்டார் நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று சுற்றும், அது வேகம் ஜாஸ்தி. சைக்கிள் ஃப்ரீவீல் 18 பல் மோட்டாரில், 44 பல் பெரிய சக்கரம் உருளையில், நடுவில் சைக்கிள் செயின். இரண்டு அங்குல உருளைக்கு நிமிடம் மூன்று மீட்டர் கிட்ட வரும், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து அதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டோம். உருளை மேல் 80 நம்பர் அகல பெல்ட்டைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி மாட்டினோம், பலகையை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பெல்ட் தொய்யாமல் இருக்கக் கீழே தட்டையாக ஏதாவது வேண்டும், அங்கே அந்தக் கிரானைட் யோசனை அருமை. ஆனால் முதலில் கையால் தள்ளி டிரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதில் இறங்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எங்கே பிழை என்று தெரியாது.

தாள் அடைத்துக்கொண்டால் தூக்கிப் போடாதீர்கள். பழைய ரப்பர்ச் செருப்பின் அடியை ஓடுகிற டிரம்மில் லேசாகக் காட்டினால் அடைத்த தூளை உருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடும். தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடவை செருப்பு காட்ட வேண்டிவரும்.


திருநகர் வைண்டிங் எழுதியது:

மோட்டார் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பழைய கம்ப்ரஸர் மோட்டார் என்றால் சிங்கிள் பேஸ், கெபாசிட்டர் வைத்ததாக இருக்கும். மூடியில் காற்றுப்போக்குக்கு ஜன்னல் ஜன்னலாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம். இத்தகைய மோட்டாருக்குள்ளே ஒரு சுவிட்ச் இருக்கும், வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டித்துவிடுவது அதுதான். மரத்தூள் உள்ளே போய் அந்தச் சுவிட்சின் பாயிண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் மோட்டார் கிளம்பாமல் உம்மென்று நிற்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் வைண்டிங் கருகும். மரப்பட்டறையிலிருந்து என்னிடம் வருகிற மோட்டாரில் இதுதான் அடிக்கடி. முழுசாக மூடி, பின்னால் விசிறி வைத்த மோட்டார் வாங்குங்கள், இல்லாவிட்டால் மோட்டாரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளித் தூள் வராத தனிப் பெட்டிக்குள் வையுங்கள். பெல்ட் போட்டிருப்பதால் அது முடியும்.

சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற ஊர் என்றால் அந்த நேரத்தில் ஆழமாக எடுக்காதீர்கள். 230 இருக்க வேண்டியது 180 ஆகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்கு சக்தி பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும், பலகை இறுகினால் நின்றுவிடும்.

சாதாரண சுவிட்ச் போடாதீர்கள். கரண்ட் போய் நீங்கள் தாளை மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் டிரம் தானாகச் சுற்றும். கரண்ட் போனால் விழுந்துவிடுகிற ஸ்டார்ட்டர் போட்டு, முழங்கால் எட்டுகிற உயரத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் வையுங்கள். எர்த் கட்டாயம், 2.5 சதுர மி.மீ ஒயர்.


திருமங்கலத்தான் எழுதியது:

வைண்டிங் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைக்குடி மரத்தில் ஆணி இருக்கும். பழைய உத்திரத்தில் தலை உடைந்த ஆணி உள்ளேயே துருப்பிடித்து நிற்கும், மேலே ஒன்றும் தெரியாது. சுற்றிலும் கறுப்பாக ஒரு கறை இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்கத் தொங்கவிட்டு நகர்த்திப் பாருங்கள், நூல் ஒரு பக்கம் சாயும். ஆணிமேல் டிரம் போனால் தாள் கிழிவது சின்ன விஷயம். பொறி பறந்து தூள் பைக்குள் போய் உட்காரும். உடனே பிடிக்காது, உள்ளேயே புகைந்து ராத்திரி பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பிடிக்கும். தினமும் வேலை முடிந்ததும் பையைக் காலி செய்து தூளைப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். நான் ஒரு நாளும் தவறியதில்லை.

தூள் இழுக்கிற மூடியை டிரம்முக்கு ஒரு விரல்கடை இடைவெளியில் வளைத்து வையுங்கள். பலகை நுழைகிற பக்கம்தான் தூள் பறக்கும், நம் முகத்துக்கு நேரே. 4 அங்குலக் குழாயும் ஒரு எச்.பி புளோயரும் இருந்தால் நல்லது, வீட்டு வேக்குவம் இதற்குத் தாங்காது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லேயே வகைப்படுத்திவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற பழக்கத்தை உங்கள் பையனுக்குப் பழக்க வேண்டாம், நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.


ஒத்தக்கடை ஊஞ்சல் எழுதியது:

மூன்று வாரம் ஆகிறது. டிரம் ஓடுகிறது.

வில்லை வெட்டி ஒட்டிக் காய வைக்க நான்கு நாள். உருட்டுவதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. முதலில் பென்சில் கோடு இரண்டு வில்லையில் மட்டும் போனது, அப்புறம் ஒரு பக்கம் ஆறேழு, சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைசி வில்லையின் ஓரத்தில் ஒரு நகக்கண் நீளத்துக்கு மட்டும் கோடு மிச்சம் இருந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அரைக்கால் சுற்று ஏற்றினதும் அதுவும் போனது. மோட்டாரை நிறுத்தி உள்ளங்கையை வைத்துச் சுற்றிப் பார்த்தேன், கையில் ஒரு மேடும் தட்டவில்லை. சட்டத்தின் மேல் வைத்த தண்ணீர் டம்ளரில் அலை இல்லை.

நேற்று முதல் ஊஞ்சல் பலகை விட்டேன். ஐந்தடி நீளம், 18 அங்குலம், மூன்று துண்டு ஒட்டினது. 60 நம்பரில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் எட்டில் இரண்டு சுற்று, 120க்கு மாற்றின பிறகு எட்டில் ஒரு சுற்று. தாள் மாற்றுகிற நேரமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இணைப்பின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே இணைப்பு என்று தெரியவில்லை. எமரி விட்ட கீறலும் நாரோடு போவதால் 180 தாளைக் கையால் நாலு இழுப்பு இழுத்ததில் மறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தேன், அலை இல்லை.

ஒரு தப்பு செய்தேன். டிரம்மை உருட்டும்போது மேசையில் பிளைவுட் இருந்தது, கிரானைட் கல் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. கல்லைப் போட்டுவிட்டு மறுபடி உருட்டாமல் பலகையை விட்டதில் இடது ஓரம் வலது ஓரத்தைவிட 0.3 மி.மீ தடிப்பு. குளிர்பானக் கேன் தகட்டைக் கத்தரித்து ஒரு பேரிங்கின் காலடியில் அடுக்கி ஓரளவுக்குச் சரி செய்தேன், அப்புறம் மறுபடி பென்சில் போட்டு உருட்டினேன். இப்போது இரண்டு ஓரமும் வெர்னியரில் ஒன்றுபோலக் காட்டுகிறது. திருமங்கலம் அண்ணன் எழுதினதைக் கவனித்துப் படித்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

மோட்டாருக்கு ஜன்னல் இருந்தது, அதனால் சட்டத்துக்கு வெளியே தள்ளிப் பெட்டிக்குள் வைத்தேன். ஸ்டார்ட்டரும் போட்டாயிற்று. தூளுக்கு புளோயர் இன்னும் வாங்கவில்லை, இந்த மாதக் கடைசியில் வாங்கிவிடுவேன். அதுவரை மெஷினை வாசலில் வைத்துத்தான் ஓட்டுகிறோம், இரண்டு பேருக்கும் மாஸ்க் வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். தாள் பத்து நிமிடம் ஓடினதும் வலது முனையில் தொளதொளவென்று ஆகிறது. டேப்பை எத்தனை இறுக்கினாலும் அப்படித்தான். இடது முனை கல் மாதிரி நிற்கிறது. சுற்றினதில் தப்பா?


வாடிப்பட்டி பல்லாங்குழி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. சுற்றினதில் தப்பில்லை. துணி எமரி சூடானதும் கொஞ்சம் நீளும், பலகை அதைச் சுற்றுக்கு எதிராகப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், நீண்ட மிச்சமெல்லாம் கடைசி முனையில் வந்து சேரும். அதனால்தான் ஒரு முனை கல்லாகவும் மறு முனை தொளதொளப்பாகவும் இருக்கிறது. புதுத் தாள் சுற்றினதும் ஒரு உதவாத பலகையை ஐந்து நிமிடம் விட்டுச் சூடாக்குங்கள். நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு, வலது முனை டேப்பை மட்டும் கழற்றுங்கள். இடது பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் துணியைத் திருகித் திருகி வலது பக்கம் கொண்டுவந்தால் அரை அங்குலம் மிச்சம் வரும். அதை இழுத்து, புது டேப் சுற்றிவிடுங்கள். அப்புறம் தாள் தேய்கிற வரை நிற்கும்.

இதையும் மீறித் தளர்ந்தால் கடைசி வில்லையில் குறுக்கே ஒரு வாய் வெட்டி, துணியின் வாலை உள்ளே நுழைத்து ஸ்பிரிங் கிளிப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருப்பதால் நீள நீளத் தானே இறுகும். வெட்டினால் அந்தப் பக்கம் எடை குறையும், எதிர்ப் பக்கத்திலும் அதே அளவு வாய் வெட்டிவிடுங்கள்.